சாவடிச் சாலையில் ஒரு குட்டி டிரக்!

வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி... பூந்தமல்லியை நெருங்க நெருங்க ஊர்ப்பெயர்களில் 'சாவடி' வந்து ஒட்டிக்கொள்கிறது. வழிப்போக்கர்கள் இளைப்பாறிய இடத்துக்குத்தான் சாவடி என்று பெயர். இன்றைய குமணன்சாவடியில் இளைப்பாற யாருக்கும் நேரமில்லை. போரூர், காட்டுப்பாக்கம் வழியே வரும் மவுன்ட் - பூந்தமல்லி சாலை இங்கே டிரங்க் ரோட்டைத் தொடுகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரையிலான 26.1 கி.மீ. மெட்ரோ வழித்தடத்தில் இதுவும் ஒரு நிலையம்.

இந்தப் பக்கமே வண்டிகளின் சீமை. கிழக்கே பாடி, அம்பத்தூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள். மேற்கே ஸ்ரீபெரும்புதூரில் கார் கம்பெனிகள். வடக்கே ஆவடியில் 1965-லேயே 'விஜயந்தா' டாங்கியை வெளியே விட்ட கனரக வாகனத் தொழிற்சாலை. ஷிஃப்ட் முடித்து வீடு திரும்பும் கைகளுக்கு ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் புதிதல்ல. இங்கே ஒரு வீட்டுப் பரணிலிருந்து, வெளிநாட்டு மாமா எப்போதோ வாங்கி வந்த பழைய ரிமோட் டிரக் இறங்கினால், அதைக் குப்பைக்கு அனுப்புவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்!

பொம்மை அல்ல, வண்டி

ரிமோட் வண்டிகளில் இரண்டு ஜாதி. ஒன்று, கெட்டால் தூக்கிப் போடும் பொம்மை. இன்னொன்று, நிஜ வண்டி மாதிரியே ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி மாற்றக்கூடிய 'ஹாபி' வண்டி. இதில் முன்னோடி, ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து 'தமியா' நிறுவனம். 1976-ல் போர்ஷே 934 காரில் தொடங்கி, 1981-ல் டொயோட்டா ஹைலக்ஸ் டிரக்கைக் கொண்டு வந்தார்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் உலோகச் சட்டம், பட்டை ஸ்பிரிங், ரிமோட்டிலேயே மாற்றக்கூடிய மூன்று கியர்! நெடுஞ்சாலை லாரியின் அடியில் படுத்து வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கு இதன் அடிப்பாகத்தைக் காட்டினால், விளக்கம் கேட்கவே மாட்டார். 1987-ல் வந்த 'க்ளாட் பஸ்டர்' அதற்கும் மேல்: முன்னுக்கு ஒரு மோட்டார், பின்னுக்கு ஒரு மோட்டார், நான்கு சக்கரமும் திரும்பும்.

பிரித்து மேயும் முறை

முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி அறை. பழைய பேட்டரி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால், கையுறை போட்டுக்கொண்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிட வேண்டும்.

அடுத்து ஸ்குரூ. ஜப்பான் ஸ்குரூக்களின் பிளஸ் தலை நம்மூர் டிரைவருக்குச் சரியாகப் பொருந்தாது. அவசரப்பட்டுத் திருகினால் தலை மழுங்கிவிடும். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது.

வருடக்கணக்கில் கிடந்த கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும். பிளாஸ்டிக் பல்சக்கரங்களைச் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுக் கழுவினாலே போதும். காய்ந்த பின் பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸைக் கொஞ்சமாகத் தடவலாம். பல தமியா வண்டிகளில் சக்கர அச்சைத் தாங்குவது வெறும் பிளாஸ்டிக் புஷ்தான். அதற்குப் பதில் 5 மி.மீ. உள்விட்டம், 11 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட பால் பேரிங் பொருந்தும் மாடல்கள் நிறைய. பழைய புஷ்ஷைக் கையோடு எடுத்துப் போய் பேரிங் கடையில் அளந்து வாங்கலாம். வண்டி லேசாக ஓடும், பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

மோட்டாரின் சின்னப் பல்சக்கரத்தையும் பெரிய பல்சக்கரத்தையும் சேர்க்க ஒரு பழைய வழி உண்டு. இரண்டுக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டை விட்டு, நெருக்கி, மோட்டாரை முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவிவிட வேண்டும். அந்த இடைவெளிதான் கணக்கு. அதைவிட நெருங்கினால் மோட்டார் சூடாகும், விலகினால் பற்கள் தேய்ந்துவிடும்.

உயிர் இருப்பது பேட்டரியில், ஆபத்தும்தான்

பழைய ரிமோட் 27 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஒரே கிரிஸ்டல் போட்ட இரண்டு வண்டிகள் பக்கத்தில் ஓடினால் அலைகள் மோதி, இரண்டுமே சொன்ன பேச்சு கேட்காது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் இந்தத் தொல்லை இல்லை. ரிமோட்டையும் ரிசீவரையும் ஜோடியாக மாற்றினால் போதும். குமணன்சாவடியிலிருந்து பஸ் ஏறி அண்ணா சாலைப் பக்கம் ரிச்சி ஸ்ட்ரீட் போனால் ஒயர், கனெக்டர், சால்டரிங் சாமான் எல்லாம் அகப்படும்.

ஆனால், 'லிப்போ' பேட்டரி விஷயத்தில் மட்டும் ஆசைப்பட்டு அவசரப்படக் கூடாது. அதன் ஒவ்வொரு செல்லும் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். கெட்டது வீங்கும், தீப்பிடிக்கவும் செய்யும். பழைய டிரக்குகளின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு, 'போதும், நிறுத்து' என்று மின்சாரத்தைத் துண்டிக்கத் தெரியாது. ஆகவே பழைய வண்டிக்கு 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியே பத்திரம். எந்தப் பேட்டரியானாலும் அதற்குரிய சார்ஜரில், விழித்திருக்கும்போது, பார்வையில் வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்குவது கூடவே கூடாது. உயிர் போன பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுப்பதும் முக்கியம்.

ஆவடிக்கும் ஒரு ரிமோட்

இதெல்லாம் வெறும் விளையாட்டா என்று கேட்பவர்கள் ஆவடியைத் திரும்பிப் பார்க்கலாம். அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம், ஆளில்லாமல் தூரத்திலிருந்தே இயக்கும் 'முந்த்ரா' என்ற கவச வண்டியை உருவாக்கியது. 2017-ல் அது செய்திகளில் அடிபட்டது. வேவு பார்க்க ஒன்று, கண்ணிவெடி தேட ஒன்று, அணுக்கதிர் - உயிரி ஆயுத ஆபத்துள்ள இடத்துக்கு ஒன்று என மூன்று வகை. அளவும் வேலையும் வேறு. ஆனால் கையில் கட்டுப்பாடு, தூரத்தில் வண்டி என்ற அடிப்படை ஒன்றுதான்.

பரணில் இருக்கும் டிரக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். கழற்றிய ஸ்குரூக்களை வரிசைப்படி இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தால் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது. ஓடவிடுவது மட்டும் மொட்டை மாடியிலோ காலி மனையிலோ இருக்கட்டும். குமணன்சாவடி ரோட்டில் பெரிய வண்டிகளுக்கே இடம் போதவில்லை!