சீமையும் சைனாவும்

'சீமை' என்னும் சொல் விந்தையானது. சிவகங்கைச் சீமை, இராமநாதபுரம் சீமை என்று நம் மண்ணையே குறித்து வந்த அச்சொல், வெள்ளையர் ஆட்சியில் கடல் கடந்து குடிபெயர்ந்தது. மண்ணெண்ணெய் சீமையெண்ணெய் ஆயிற்று. இங்கிலாந்தின் ஆலைத்துணி சீமைத்துணி ஆயிற்று. 'சீமைச் சரக்கு' என்றால் உயர்ந்தது என்பதை என் பாட்டிக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மதிப்பை எதிர்த்து எழுந்ததே அந்நியத் துணி மறுப்பு. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். ஏழைகள்பால் கொண்ட இரக்கம் என்று சொல்லி நாம் முடித்துவிடுகிறோம். மதுரைக்கு வந்த இரயில் பயணத்தைப் பற்றி அவரே எழுதியிருப்பது இன்னும் கூர்மையானது. உடன் வந்தோர் பெரும்பாலும் அந்நியத் துணியே உடுத்தியிருந்தனர். கதர் உடுத்தலாகாதா என்று அவர் கேட்டபோது, அதன் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றனர். சீமைத்துணியின் பெருமையை அவர்கள் பேசவில்லை, விலையைத்தான் பேசினார்கள். கதர் வாங்க இயலாதவர் ஒரு முழத்துணியோடு நிறைவடையலாம் என்று தம் உடலிலேயே காட்டுவதன்றி, அவருக்கு வேறு மறுமொழி இருந்திருக்க முடியாது.

விடுதலைக்குப் பின் காற்று திசை மாறியது. இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த அந்நாளில், கிடைக்காததே மேலானதாயிற்று. 1983-இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பிய என் சித்தப்பா கொண்டுவந்த டேப்ரிக்கார்டரில் 'மேட் இன் ஜப்பான்' என்று ஒட்டியிருந்த தாளை எவரும் கிழிக்கத் துணியவில்லை. என் தந்தை மட்டும் நகைத்தார். அவர் சிறுவனாயிருந்தபோது ஜப்பான் சாமான் என்றால் கைபட்டதும் உடைவது என்று பொருளாம்! ஜெர்மனியின் கதையும் இதுவே. அந்நாட்டு மலிவுச் சரக்கை மக்கள் அடையாளம் கண்டு ஒதுக்கட்டும் என்று 1887-இல் பிரிட்டன் சட்டம் இயற்றி நாட்டின் பெயரைப் பொறிக்க வைத்தது. அந்த முத்திரையே பின்னர் நற்சான்றாக மாறிவிட்டது.

இன்று 'சைனா' என்பது நாட்டின் பெயர் மட்டுமன்று. நீடித்து உழைக்காது என்பதற்கு நம் கடைவீதிகளில் வழங்கும் பெயரடை. 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர் இருபது பேர் உயிர் துறந்தனர். அவர்களுள் ஒருவர் நம் அண்டை மாவட்டமான இராமநாதபுரத்தைச் சேர்ந்தவர். சீனப் பொருள்களைத் தொடமாட்டோம் என்ற குரல் அப்போது இங்கும் எழுந்தது. அக்குரலில் பொய் இருந்ததாக நான் எண்ணவில்லை.

அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன், நகரில் ஒரு மின்சாதனக் கடைக்குச் சென்றிருந்தேன். குடிலுக்கு விளக்குச் சரம் கேட்ட ஓர் இளைஞர், "சைனா வேண்டாம், அண்ணாச்சி" என்றார். கடைக்காரர் உள்நாட்டுச் சரம் ஒன்றை எடுத்து வைத்து விலை சொன்னார். இளைஞர் சட்டைப்பையில் இருந்ததை எண்ணிப் பார்த்தார். அது பொது முடக்கத்தில் வேலையற்றுப்போன பலர் இன்னும் நிமிராத காலம். சிறிது நேரம் கழித்து, "சரி, அதையே கொடுங்க" என்று மற்றதைக் காட்டினார்.

"எரியுதான்னு இங்கேயே பார்த்துக்கோங்க தம்பி, பிறகு மாத்தித் தரமாட்டோம்" என்று கடைக்காரர் அதைச் செருகிக் காட்டினார். எல்லாம் எரிந்தன.