கை கட்டினால் என்ன அர்த்தம்?

பி.காம். படித்த எனக்கும் நடனத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கல்யாண ஊர்வலத்தில் எல்லோரும் ஆடும்போது செருப்புக்குக் காவல் நிற்கிற கோஷ்டி நான்.

நண்பனின் மனைவி நடன சிகிச்சைப் பயிற்சி எடுக்கிறார். "ஞாயித்துக்கிழமை எங்க வகுப்புக்கு ஒரு ஆள் வேணும்ண்ணா. சும்மா நடந்து காட்டினா போதும். மத்தியானம் பிரியாணி உண்டு" என்றார். கடைசி வாக்கியத்துக்காகச் சம்மதித்தேன்.

இது டான்ஸ் கிளாஸ் இல்லை. வாயால் சொல்ல வராததை உடம்பு சொல்ல வழி செய்கிற வைத்தியம். 1942-ல் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் மரியன் சேஸ் என்ற நடனக்காரர் நோயாளிகளோடு சேர்ந்து ஆட ஆரம்பித்தார். அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை வேர் பிடித்தது அப்படித்தான். ஆனால், பயிற்சியில் முதலில் ஆடச் சொல்லவில்லை, பார்க்கச் சொன்னார்கள். எடை, நேரம், வெளி, ஓட்டம் என்று அசைவை நாலு கணக்கில் பார்க்கிற வித்தை. ருடால்ஃப் லாபான் என்பவர் கொடுத்துவிட்டுப் போனதாம்.

நடந்தேன். ஆசிரியை எதிரில் வந்ததும் கையைக் கட்டித் தலையைக் குனிந்தேன். வெளிநாட்டில் வளர்ந்த ஒரு மாணவி தன் நோட்டைப் படித்தார்: "இறுக்கமானவர். யாரையும் உள்ளே விடாதவர்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ மேடம், டீச்சர் முன்னால கை கட்டலைன்னா எங்க ஸ்கூல்ல பிரம்படி! இது மரியாதை!"

ஆசிரியை சிரித்தார். "அவங்க பார்த்தது கட்டின கையை. 'இறுக்கம்'னு சொன்னது அவங்க வளர்ந்த ஊர். 'மரியாதை'ன்னு சொல்றது நீங்க வளர்ந்த ஊர். பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்க, நினைச்சதை இன்னொரு பக்கம் எழுதுங்க. அப்புறம் அந்த ஆளையே கேளுங்க."

அட, நம்ம சப்ஜெக்ட்! வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே என்கிறார்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா போய் ஏழு மாதம். அப்பா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்த மறுநாளே பேப்பரும் கையுமாக உட்கார்ந்துவிட்டார். 'கல் மனசு' என்று நானும் ஒரு என்ட்ரி போட்டு வைத்திருந்தேன்.

அன்றைக்குச் சும்மா பார்த்தேன். மணி நாலு. அப்பா எழுந்தார். சமையலறை வாசல் வரை போனார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் எழுந்தார். அதே வாசல், அதே கதவு.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லடா. காபி வாசனை வந்த மாதிரி இருந்துது."

ஏழு மாதமாக எங்கள் வீட்டில் சாயங்காலக் காபி தெருமுனைக் கடையில்தான். அன்று நானே உள்ளே போய்க் கலந்து கொண்டுவந்தேன். அப்பா ஒரு வாய் குடித்தார். முகம் அஷ்டகோணலாகியது.

"உங்கம்மா அரை ஸ்பூன்தான்டா சர்க்கரை போடுவா" என்றார்.

ஏழு மாதத்தில் அம்மாவைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம் அது. டம்ளரை மட்டும் கீழே வைக்கவில்லை.

பழைய என்ட்ரியை அடித்துவிட்டேன்.