தண்ணீர் மாறுபவன்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்து இளைஞர் இருவர் வீடு தேடி வந்தபோது, "எதைப்பற்றி எழுதுவது?" என்று வினவினேன். "சேர் விரும்பியதை எழுதலாம்" என்றார்கள். கல்லூரியின் தொண்டினையும் ஆசிரியப் பெருமக்களின் சிறப்பினையும் எழுத என்னிலும் வல்லார் பலர் உளர். ஆகலின், என் முற்றத்தில் நிற்கும் பழைய டீசல் பிக்கப் வண்டியைப்பற்றியும், அதற்காக நான் தேடி வாங்கிய உள்ளங்கையளவான ஒரு பித்தளைச் சாமானைப்பற்றியும் எழுதத் துணிந்தேன். முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்த ஒருவன் தான் கற்பித்த பாடத்திலேயே தவறிய கதை இது. கல்லூரி மலருக்கு இது புறம்பானதன்று என நம்புகின்றேன்.

நீர்வேலியின் செம்மண்ணையும் வாழையையும் அறியாதார் நம்மவருள் இலர். என் தந்தையார் காலத்தில் எங்கள் தோட்டக் கிணற்றில் துலா இருந்தது. ஒருவர் துலா மிதிப்பார்; ஒருவர் பட்டை பிடித்து இறைப்பார்; வாய்க்காலின் தலைப்பில் மண்வெட்டியோடு நின்று ஒரு பாத்தியை அடைத்து மறு பாத்தியைத் திறப்பவர் ஒருவர். தண்ணீர் மாறுபவர் என்று அவரைச் சொல்வோம். சிறுவனான எனக்குக் கிடைத்த வேலை அதுதான். "கண்ணயர்ந்தாயோ, கிட்ட நிற்கும் வாழை எல்லாத் தண்ணீரையும் குடித்துவிடும், கடைசிப் பாத்தி காயும்" என்று தந்தையார் எச்சரிப்பார். அச்சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்க அறுபது ஆண்டுகள் வேண்டியிருந்தன.

வண்டி ஜப்பான் தயாரிப்பு. ஏ-9 வீதி 2002ஆம் ஆண்டில் திறந்தபின் தெற்கிலிருந்து வந்து சேர்ந்தது. அப்போதே அதற்கு வயது பத்துக்கு மேல். எங்கள் ஒழுங்கையில் உள்ள நான்கைந்து வீட்டாரின் கதலியும் இதரையும் கப்பலும் அதிலேதான் சந்தைக்கு ஏறும். 2010ஆம் ஆண்டில் ஒரு நாள் அதன் எஞ்சின் கொதித்தது. எங்கள் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணரிடம் கொண்டுசென்றேன். அவர் றேடியேற்றரின் மேற்குழாய் வந்து பொருந்தும் மூடியைக் கழற்றி, உள்ளே சுண்ணாம்பு படிந்து இறுகிக் கிடந்த ஒரு சாமானை எடுத்துக் காட்டினார்.

"உந்தத் தேமோஸ்ரற் குளிர் நாட்டுக்காரருக்கு, மாஸ்ரர். எங்கட வெயிலுக்கு இது என்னத்துக்கு? எடுத்துவிட்டால் தண்ணி தடையில்லாமல் ஓடும்" என்றார்.

தடை நீங்கின் ஓட்டம் பெருகும். ஓட்டம் பெருகின் வெப்பம் குறையும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. உடன்பட்டேன். அதன் பின் சந்தைக்குப் போய்வருகையில் வெப்பமானியின் முள் கீழ்க்கோட்டை விட்டு எழுந்ததேயில்லை. வண்டி குளிர்மையாக ஓடுகின்றதென்று மகிழ்ந்தேன்.

அச்சாமானை நம் பாடநூல்கள் வெப்பநிலைநிறுத்தி என்று கூறும். அதன் நடுவில் ஒரு சிறு செப்புக் குப்பியும் அதனுள் மெழுகும் உண்டு. குறித்த வெப்பநிலையில் மெழுகு உருகி விரியும்; விரிந்து ஓர் ஊசியைத் தள்ள, வில்லை எதிர்த்துக் கதவு திறக்கும். ஆறினால் வில் அதனை மூடும். அமெரிக்காவில் செர்ஜியஸ் வேர்னே என்பார் 1930களில் அமைத்த முறை இது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருத்தலால், தண்ணீர் ஒரு சிறு பக்கவழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றி விரைவில் சூடேறும். சூடேறியபின் பெருவழி திறந்து தண்ணீர் றேடியேற்றருக்குச் செல்லும். மெழுகு உருகும்போது விரிவதை நானே வகுப்பில் செய்து காட்டியிருக்கின்றேன். அறிந்தது வகுப்பறையிலே நின்றுவிட்டது, முற்றத்துக்கு வரவில்லை.

2022ஆம் ஆண்டு வந்தது. எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும், பின்னர் கியூஆர் அட்டை காட்டி அளந்து பெற்றதையும் எவரும் மறந்திரார். அப்போதுதான் என் வண்டி குடிக்கும் டீசலை உற்று நோக்கினேன். காலையில் வெண்புகை நெடுநேரம் கக்கும். எண்ணெய்க் கோலை இழுத்து மணந்தால் டீசல் நாற்றம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தத்தால் எழும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். சிலிண்டர்ச் சுவர் குளிர்ந்திருப்பின் எரிபொருள் முழுதும் எரியாது. எரியாத டீசல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக் கீழிறங்கும். கந்தகமும் நீராவியும் சேர்ந்து அமிலமாகி உலோகத்தை அரிக்கும். நான் குளிர்மை என்று மகிழ்ந்தது இதனைத்தான்.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஐந்து வீட்டுக் குலைகளையும் ஏற்றிக்கொண்டு வவுனியாவுக்குப் புறப்பட்டேன். முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துப் புறப்பட்ட சிறிது நேரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் உறங்கிய முள் எழுந்தது. எழுந்து சிவப்புக் கோட்டைத் தொட்டது. உடனே நிறுத்தியபடியால் எஞ்சின் தப்பியது. மாற்று லொறி வந்து சேர மறுநாளாயிற்று. வெயிலில் கிடந்த குலைகள் பாதி விலைக்கும் போகவில்லை. வீட்டாருக்கு என் ஓய்வூதியத்திலிருந்து ஈடு கொடுத்தேன். அடுத்த வளவு அம்மா, கணவனை இழந்தவர், ஒரு சொல்லும் சொல்லாமல் பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த கிழமை அவருடைய குலைகள் வேறொருவர் வண்டியில் ஏறின. அம்மௌனம் எனக்கு வசையினும் பெரிதாயிருந்தது.

காரணம் காண முயன்றேன். தடையே இல்லாத எஞ்சின் கொதித்தது எப்படி? நம் கல்லூரியில் உயர்தரம் பயிலும் எதிர்வீட்டுத் தம்பி, நான் வரைந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "சேர், சூடேறின பிறகு இந்தச் சின்ன வழியை ஆர் அடைக்கிறது?" என்று கேட்டான்.

என் வாய் அடைத்தது. அக்கதவின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. மேற்கதவு திறக்கும்போது கீழ்த்தட்டு இறங்கிப் பக்கவழியை அடைக்கும். முழுச் சாமானையும் எடுத்துவிட்டால் இரு வழியும் என்றென்றும் திறந்தே கிடக்கும். கொதிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு றேடியேற்றரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். றேடியேற்றர் துப்புரவாயிருந்த காலத்தில் அக்குறை வெளித் தெரியவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் நான் ஊற்றிய கிணற்று நீரோ, சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. 1950இல் தொடங்கி 1990இல் போரினால் நின்றுபோன காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்கு இரையான அதே கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது றேடியேற்றரின் நுண்குழாய்களிலும் படிந்தது. பாரம் ஏற்றி நெடுந்தூரம் ஓடிய அன்று கணக்கு முடிந்தது. தண்ணீர் மாறுபவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கடைசிப் பாத்தி காய்ந்ததென்று அழுதவன் நான்.

இனிப் புதியதொன்று வாங்க வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடையில் 76, 82, 88 என எண் பொறித்த மூன்றை மேசையில் வைத்தார்கள். அவை கதவு திறக்கத் தொடங்கும் வெப்பநிலைகள். "வெப்ப நாடு, பட்டறிவும் உண்டு, 76ஐ எடுப்போம்" என்றேன். உடன் வந்த தம்பி தலையசைத்தான். அவன் சொன்னது சரியே. முழுதும் திறந்தபின் மூன்றும் ஒன்றே. கொதிக்காமற் காப்பது றேடியேற்றரும் விசிறியும் மூடியுமே. இவ்வெண் எஞ்சின் எவ்வளவுக்குக் கீழே குளிரக்கூடாது என்பதை மட்டும் வரையறுக்கும். 0.9 என்று குறித்த மூடி செவ்வையாக இருந்தால் தண்ணீர் ஏறத்தாழ 118 பாகையிலேயே கொதிக்கும். ஆகவே 82க்கும் 88க்கும் அஞ்ச வேண்டியதில்லை. எஞ்சினை ஆக்கியவன் குறித்த எண்ணே ஏற்ற எண். அவ்வெண் எதுவென்று அறிய வேண்டும்; அளவும் அறிய வேண்டும். விளிம்பின் விட்டம் ஒத்திருந்தும் உயரம் குறைந்தால் கீழ்த்தட்டு பக்கவழியை எட்டாது. வாங்கியும் வாங்காத கதையாகும்.

இதற்கு மெக்கானிக் அண்ணரிடமே செல்ல வேண்டியதாயிற்று. சினத்தோடுதான் சென்றேன். அவர் தாழ்வாரத்தில் இருந்து ஏதோ அராவிக்கொண்டிருந்தார். 1990 முதல் ஐந்தாண்டுகள் பெற்றோலும் டீசலும் தடைப்பட்டிருந்தபோது, பழைய ஒஸ்டின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர் அவர். எத்தனையோ நோயாளிகள் அவர் கைவேலையால் ஆசுபத்திரி சேர்ந்தார்கள். இல்லாததைக் கழற்றி எறிந்து இருப்பதைக் கொண்டு நடத்தப் பழகிய கை அது. அந்தக் கையைப் பார்த்ததும் சினம் தணிந்தது. தவிரவும், தலையசைத்தவன் நானல்லவா?

"அண்ணை, மண்ணெண்ணெய்க் கார் குளிர்ந்திருந்தால் ஓடுமோ?" என்று கேட்டேன்.

"எப்பிடி ஓடும்? றேடியேற்றருக்கு முன்னால மட்டை கட்டியல்லோ சூடாக்கினனாங்கள்" என்றவர், சற்று நேரம் என்னையே பார்த்தார். பின்பு எழுந்து உள்ளே போய் ஒரு பால்மாத் தகரத்தைக் கொண்டுவந்தார். அதற்குள் 2010இல் என் வண்டியிலிருந்து கழற்றிய சாமான் கிடந்தது. எதையும் எறியாத காலத்துப் பழக்கம்! விளிம்பில் 82 என்ற எண் தெரிந்தது.

அதனைப் புளிக்காடியில் ஊறவைத்துச் சுண்ணாம்பு நீக்கினோம். அதன் அளவுக்கு ஒத்தனவாய் இரண்டு கடைகளில் 82 எண் கொண்ட இரண்டு வாங்கினேன். ஒன்று மலிவு, மற்றது அதனிலும் மூன்று மடங்கு. "இஞ்சாருங்கோ, அது சோறு வடிக்கிற பானை" என்று மனைவி தடுத்தும் கேளாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். கல்லூரி ஆய்கூடத்திலிருந்து தம்பி வெப்பமானி இரவல் வாங்கி வந்தான். மூடியிருக்கும் கதவின் இடுக்கில் நூலைச் செருகி, அந்நூலிலேயே சாமானைத் தொங்கவிட வேண்டும், அடியில் முட்டலாகாது. கதவு திறக்கத் தொடங்கும் கணத்தில் நூல் நழுவிச் சாமான் விழும்.

பழையது 82இல் விழுந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் தகரத்தில் கிடந்தும் சொல் தவறவில்லை! ஆயினும் தண்ணீர் ஆறியபின் அரைவாசிதான் மூடியது. அரிப்புண்ட வில் சோர்ந்துவிட்டது. மலிவானது, அழகிய பெட்டியில் வந்தது, 91இல்தான் விழுந்தது. மூன்றாவது 82இல் விழுந்து, 95 ஆகுமுன் முழுதும் திறந்து, ஆறியதும் இறுக மூடியது. அண்ணர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி, பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளையின் முகத்தில் நான் பலமுறை கண்டது.

றேடியேற்றரைக் கழற்றித் துப்புரவாக்கி, காற்று வெளியேறும் சிறு ஊசி மேற்புறம் நிற்குமாறு புதியதைப் பூட்டினார். கூலி வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். கிணற்று நீருக்கு மாறாக, வடித்த நீரும் துருவைத் தடுக்கும் குளிர்திரவமும் இட்டோம். மறுநாள் கோப்பாய் போய்த் திரும்புமுன் முள் நடுவுக்கு ஏறி, அங்கேயே நின்றது. காலை வெண்புகை ஒரு கிழமையில் அடங்கியது. ஒதுக்கீட்டு டீசல் ஒரு நாள் கூடுதலாக வந்தது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் தொடங்கியபோதும், புதிய வண்டி என்னைப் போன்றார்க்கு எட்டாத கனியே. பழையதைப் பேணுவோர் நம்மூரில் பலர். அவர்கட்குச் சொல்வேன்: கழற்றி எறியுமுன் அது எதற்காக அங்கே வைக்கப்பட்டது என்று கேளுங்கள், வாங்கிப் பூட்டுமுன் ஒரு பானைத் தண்ணீரில் சோதியுங்கள். அண்ணரின் பட்டறையில் இப்போது அதற்கென்றே ஒரு பானை உண்டு.

மூன்று மாதம் கழித்து ஒரு விடியற்காலை, வேலிக்கு அப்பாலிருந்து அடுத்த வளவு அம்மாவின் குரல் கேட்டது: "மாஸ்ரர், வண்டி இண்டைக்கு வவுனியாவுக்குப் போகுதோ? என்ர நாலு குலையையும் ஏத்துங்கோ." அன்று முறிகண்டியில் இரண்டு தேங்காய் உடைத்தேன்.