ஹங்குராங்கெத்த அரண்மனையும் மாத்தளை இளவரசரும்

நானுஓயாத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நுவரெலியாவைக் கடந்து வடக்கே இறங்கினால், அதே மாவட்டத்திலுள்ள ஹங்குராங்கெத்தவை அடையலாம். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் தம் இறுதிக் காலத்தில் அரசிருக்கையாகக் கொண்ட இவ்வூரில் அவருடைய அரண்மனை இன்று இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் அது அழிக்கப்பட்டபின், அதன் கற்கள் ‘பொத்குல்’ விகாரை எனப்படும், ஓலைச்சுவடிகளைப் பேணும் பௌத்தக் கோயிலின் கட்டுமானத்தில் கலந்துவிட்டன. அந்த அரண்மனையைக் கொண்டிருந்த மன்னனின் வரலாற்றில், அவருடைய சகோதரர் விஜயபாலனுக்கும் ஒரு பங்கு உண்டு.

இராஜசிங்கனின் தந்தை செனரத் மன்னன் தம் இறுதிக் காலத்தில் நாட்டை இளவரசர் மூவருக்கும் பிரித்து, பகுதிகளின் பெயர்களை ஓலைகளில் எழுதிச் சீட்டெடுக்கச் செய்தார் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி கூறுகிறது. அதன்படி மற்றொரு சகோதரர் குமாரசிங்கனுக்கு ஊவாவும், விஜயபாலனுக்கு மாத்தளையும், இராஜசிங்கனுக்கு மலைநாட்டின் ஐந்து பகுதிகளும் கிடைத்தன. குமாரசிங்கன் இறந்ததும் ஊவா யாருக்கு என்ற வழக்கு எழுந்தது; இராஜசிங்கன் அதைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். எனினும், 1638 மார்ச்சில் கன்னொறுவையில் தியோகு த மெல்லோவின் போர்த்துக்கேயப் படையை அழித்தபோது சகோதரர் இருவரும் ஒரே அணியில் நின்றார்கள்.

அவ்வாண்டே இராஜசிங்கன் ஒல்லாந்தருடன், அதாவது நெதர்லாந்து வணிகக் கம்பனியாருடன், உடன்படிக்கை செய்துகொண்டார். விஜயபாலனோ இளமையில் பிரான்சிஸ்கன் துறவியிடம் கல்வி கற்று, போர்த்துக்கேயர்மீது பற்றுக் கொண்டிருந்தவர். அண்ணன் தம்பிப் பூசல் முற்றியபோது அவர்களிடமே சென்று சேர்ந்து, பின்னர் கோவாவுக்கு அனுப்பப்பட்டு, 1654இல் அங்கேயே இறந்தார். அவரைத் துரோகி என்று எளிதில் தள்ளிவிட முடியாது. வேற்று நாட்டார் துணையைத் தேடியதில் இருவருக்கும் வேறுபாடில்லை, யாருடைய துணை என்பதில்தான் வேறுபாடு. 1658இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தையும் இழந்து வெளியேறினர். ஒல்லாந்தர் கரையோரத்தை இராஜசிங்கனிடம் ஒப்படைக்கவில்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இராஜசிங்கனின் ஆட்சியும் அமைதியாக நடக்கவில்லை. 1664இல் நிலம்பையில் கிளர்ச்சி செய்தோர் அவருடைய இளம் மகனையே அரசனாக முன்னிறுத்தினர். சிறுவன் அஞ்சித் தந்தையிடமே ஓடிச் சேர்ந்தான். அதன் பிறகே மன்னன் ஹங்குராங்கெத்தவில் நிலைகொண்டார். 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ஆங்கில மாலுமி ரொபேர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில், மதில்களும் காவலும் சூழ்ந்த அந்த அரண்மனையை விவரித்திருக்கிறார்.