கருணாபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் படிப்புக்கு

கல்வராயன் மலையைப் பார்க்க வருகிறவர்கள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாக மேலே போய்விடுவார்கள். கோமுகி அணை, கரியாலூர், மேகம் அருவி என்று ஒரு நாள் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். ஊருக்குள்ளேயே இருக்கிற எங்கள் கருணாபுரத்துக்கு வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும் கூப்பிடு தூரம். கோமுகி ஆறும் பக்கம்தான். அன்றாடம் கூலிக்குப் போய்ச் சாப்பிடுகிற குடும்பங்கள் அதிகம்.

எங்கள் ஊர்ப் பெயரை நாடே தெரிந்துகொண்டது 2024 ஜூன் மாதத்தில். மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து, இங்கேயும் சுற்றுவட்டாரத்திலும் 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். கோமுகி ஆற்றங்கரையில் வரிசையாகச் சிதை எரிந்ததைப் பேப்பரில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குப் பட்டப்படிப்பு வரை படிப்புச் செலவையும் ஹாஸ்டல் செலவையும் அரசாங்கமே ஏற்கும் என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் எந்தப் பட்டம், எத்தனை வருஷம், அதில் என்னதான் சொல்லித் தருகிறார்கள் என்று வீட்டில் இருக்கிற நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

பெண்பிள்ளைகளைக் கேட்டால் ‘கம்ப்யூட்டர் சயன்ஸ்’ என்று பளிச்சென்று சொல்கிறார்கள். தாய்மார்கள்தான் தயங்குகிறார்கள். “அதெல்லாம் மெட்ராஸ் பிள்ளைங்க படிக்கிறதுக்கா. வீட்ல கம்ப்யூட்டர் வேணும், இங்கிலீஷ் வேணும்” என்றாள் பக்கத்து வீட்டுத் தங்கச்சி. நான் பத்தாவதோடு நின்றவள். என் மகள் இந்தப் படிப்பில் இரண்டாம் வருஷம் இருக்கிறாள். அவள் பாடத்தைக் கேட்டுக் கேட்டு நான் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பி.எஸ்ஸி. என்றால் மூன்று வருஷம், ஆறு செமஸ்டர். பி.சி.ஏ.வும் மூன்று வருஷம்தான். என்ஜினீயரிங் கல்லூரியில் பி.இ. என்றால் நான்கு. கலைக் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடத்தோடு தமிழும் இங்கிலீஷும் உண்டு. கணக்கு கட்டாயம் வரும். முதலில் ஒரு புரோகிராம் மொழி. சி, பைத்தான் என்று ஏதாவது ஒன்று. பிறகு தகவல்களை எப்படி அடுக்கி வைப்பது, எப்படித் தேடி எடுப்பது, ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றோடு எப்படிப் பேசுகிறது என்று போகும்.

கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் விஷயம் நமக்குப் பழக்கமானதுதான். கழுவிய தட்டை ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கிறோம். கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்கிறோம். இதற்கு அவர்கள் ‘ஸ்டாக்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் கரும்பு போடுகிறவர்கள் சர்க்கரை ஆலையில் பதிவு செய்துவிட்டு, அந்த வரிசைப்படி கட்டிங் ஆர்டருக்குக் காத்திருப்பார்கள். முதலில் வந்தவருக்கு முதலில். அது ‘க்யூ’. எதை எப்போது எந்த முறையில் வைத்தால் வேலை சுளுவாகும் என்று யோசிக்கிற படிப்பு இது. அந்த யோசனை நம் பெண்களுக்கு இல்லையா என்ன?

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாவிட்டாலும் கல்லூரியில் லேப் இருக்கிறது. செல்போனில்கூடச் சின்னச் சின்ன பைத்தான் புரோகிராம் எழுதிப் பார்க்கலாம். ஆனால் கை பழக வேண்டும். புத்தகத்தை மனப்பாடம் செய்து பாஸ் பண்ணினால் பட்டம் வரும், வேலை வராது. லேப் முடிந்து பிள்ளை ஒரு பஸ் தாமதித்து வந்தால், ‘எங்கே சுற்றினாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். சாயங்காலம் தண்ணீர் பிடிப்பதையும் பாத்திரம் தேய்ப்பதையும் அண்ணன் தம்பிகளும் பங்கு போட்டுக்கொள்ளட்டும்.

எங்களைவிடக் கஷ்டம் மலை மேலே. வெள்ளிமலைக்கு அப்பால் சில கிராமங்களில் செல்போன் சிக்னலே சரியாகக் கிடைப்பதில்லை. அப்படி இருந்தும், மலையின் சேலம் பக்கத்தில் இருக்கிற கருமந்துறை அரசு பழங்குடியினர் உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு பெண் 2025-ல் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வில் ஜெயித்தாள். அந்தச் செய்தியைப் படித்தபோது மலையடிவாரத்தில் இருக்கிற எங்களுக்கும் தெம்பு வந்தது.

“அக்கா, மூணு வருஷம் யாரு சோறு போடுவா? ஜவுளிக் கடைக்கு அனுப்பினா அடுத்த மாசமே சம்பளம்” என்று கேட்கிறவர்களும் உண்டு. சம்பாதிக்கிற ஆளை இழந்த வீட்டில் இது நியாயமான கேள்வி. பட்டம் வாங்கியதும் வேலை வாசலில் வந்து நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடைச் சம்பளம் பத்து வருஷம் கழித்தும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். இந்தப் படிப்பில் கை தேர்ந்தவள் மேலே மேலே போக வழி இருக்கிறது. நம்மிடம் அவள் கேட்பது மூன்று வருஷம் மட்டுமே. கல்யாணப் பேச்சையும் அதுவரை தள்ளி வையுங்கள்.

சேர்க்கும் முன் கவனிக்க:

• கள்ளக்குறிச்சியில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. தனியார் கல்லூரிக்குக் கடன் வாங்கும் முன் அங்கே விசாரியுங்கள். பிளஸ் டூவில் கணக்கு படித்திருக்க வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

• 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. விவரத்தைக் கல்லூரி ஆபீஸில் கேளுங்கள்.

• வெளியூர் அனுப்ப முடியாதவர்களுக்குச் சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த ஆன்லைன் பட்டப்படிப்பு இருக்கிறது. பத்தாவதில் கணக்கும் இங்கிலீஷும் படித்து, பிளஸ் டூ முடித்திருந்தால் தகுதித் தேர்வு எழுதிச் சேரலாம். பாடம் வீட்டிலிருந்து, பரீட்சைக்கு மட்டும் சென்டருக்குப் போக வேண்டும். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

• கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காதீர்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைக்குமா, வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். பத்தாவதோடு நின்ற தாயும் தாராளமாகக் கேட்கலாம்.