வைத்ததும் விட்டதும்

உபாத்தியாயருக்கு ஒரு வார்த்தையின் பொருள் தெரியவில்லை என்றால் ஊர் சிரிக்கும், அதோடு போயிற்று. தெரியாததைத் தெரிந்ததாக எண்ணி இருபது வருஷம் போதித்திருந்தால், அதற்கு யாரோ ஒருவன் விலை கொடுக்க நேரிடும். நாம் ஆங்கிலம் கற்பிப்பவர், எம்.ஏ. பட்டமும் உண்டு. ஆயினும் 'ஸஸ்பெண்டு' என்னும் ஆங்கில வினைச்சொல்லின் பொருளைச் சில வருஷங்களுக்கு முன் ஒரு மழைநாளில்தான் கற்றுக்கொண்டோம்.

ஸ்ரீபெரும்புதூரை ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த தலமாக வாசகர்கள் அறிவார்கள். அங்கிருந்து ஒரகடம் வரையில் இப்பொழுது தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைப்பேசிகள். ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் சீருடை அணிந்து, கம்பெனி பஸ் ஏறி, ஷிப்டுக்குப் போகிறார்கள். அவர்களில் பலர் நம்மிடம் படித்தவர்கள்.

அப்படிப்பட்ட பழைய மாணாக்கன் ஒருவன் அன்று நனைந்துகொண்டே வந்து, நன்னடத்தைச் சான்று ஒன்று கேட்டான்.

"ஏனப்பா, வேறு வேலைக்குப் போகிறாயா?" என்றோம்.

"மேற்பார்வையாளரோடு வாய்த்தகராறு ஸார். வேலையைவிட்டு நீக்கிவிட்டார்கள்" என்று கடிதத்தை நீட்டினான். விசாரணை முடியும் வரையில் அவனை 'ஸஸ்பெண்டு' செய்திருப்பதாக அதில் கண்டிருந்தது. விசாரணைக்கு வரவேண்டிய தேதி கழிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

"விசாரணைக்கு நீ போகவில்லையா?"

"நீக்கிய பிறகு விசாரணை எதற்கு ஸார்? ஸஸ்பெண்டு என்றால் நீக்கு என்று பத்தாம் வகுப்பில் நீங்கள்தானே பலகையில் எழுதிப் போட்டீர்கள்?"

நாம் எழுதியது உண்மை. பத்திரிகைகளில் 'பணியிடை நீக்கம்' என்று படித்துப் படித்து, 'இடை'யை உதறிவிட்டு 'நீக்க'த்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தோம். பையன் நம்மைக் குற்றம் சொல்லவில்லை. நம் சொல்லை வேதவாக்காக நம்பியிருந்தான். அதுதான் நம்மை அதிகமாகச் சுட்டது.

உடனே அவனை அழைத்துக்கொண்டு சுங்குவார்சத்திரத்தில் உள்ள தொழிற்சங்கப் பெரியவர் ஒருவரிடம் போனோம். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்லர். கடிதத்தை இருமுறை படித்துவிட்டுச் சொன்னார்:

"வாத்தியாரய்யா, நீக்கினால் உறவு அறுந்துபோகும். இது அறவில்லை. தம்பி இன்னும் அந்தக் கம்பெனியின் ஆள்தான். அதனால்தான் பிழைப்பூதியம் என்று ஒன்று கொடுக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் போகாமல் இருந்தால் ஒருதலையாக விசாரித்து முடித்துவிடுவார்கள்; அப்புறம் நிஜமாகவே நீக்கலாம்."

1946ஆம் வருஷத்து நிலையாணைச் சட்டத்தில் பின்னர் சேர்த்த விதிப்படி, முதல் 90 நாளுக்குப் பாதி ஊதியம். தொழிலாளியின் குற்றமின்றி விசாரணை நீண்டால், அதற்குமேல் முக்கால் பங்கு. 2020ஆம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பும் இதே அளவையே வைத்திருக்கிறது. முற்றும் நீக்கப்பட்டவனுக்கு மாதந்தோறும் படியளப்பார் யார்?

திரும்பும் வழியில் அந்தச் சொல்லின் வரலாற்றை அவனுக்குச் சொன்னோம். லத்தீனில் 'தொங்கவிடு' என்பது அதன் வேர். கடிகாரத்தின் 'பெண்டுலம்' அதே வேரில் பிறந்தது. தொங்குபாலத்துக்கு ஆங்கிலத்தில் இதே பெயர். பையன் சிரித்தான்.

"நான் செய்வதே வண்டியின் ஸஸ்பென்ஷன் ஸ்பிரிங்குதான் ஸார். அது பாரத்தைத் தாங்கி நிறுத்துகிறது, கீழே தள்ளுவதில்லை."

மாணாக்கனுக்குக் கையில் தெரிந்தது உபாத்தியாயருக்குப் புத்தகத்தில் தெரியவில்லை! இதில் வேடிக்கை என்னவென்றால், நம் தாய்மொழி இந்தப் பேதத்தை என்றைக்கோ ஒரு துணைவினையில் அடக்கிவிட்டது. 'நிறுத்திவிட்டார்கள்' என்றால் காரியம் முடிந்தது. 'நிறுத்திவைத்தார்கள்' என்றால் மறுபடி தொடங்க வழி உண்டு. 'விடு'வுக்கும் 'வை'க்கும் உள்ள இடைவெளியில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறது.

ஆனால் 'வை' என்று அறிந்தால் மட்டும் போதாது. 2014 அக்டோபரில் நோக்கியா, தன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் நவம்பர் 1 முதல் உற்பத்தியை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோதும் ஆண்ட வினைச்சொல் இதுவே. அவ்வருஷம் ஏப்ரலில் அதன் கைப்பேசி வியாபாரம் மைக்ரோஸாப்டின் கைக்கு மாறியது. வரி வழக்கில் சிக்கிய இவ்வாலை மட்டும் அதில் சேரவில்லை. பிறகு மைக்ரோஸாப்டின் ஆர்டரும் நின்றது. நோக்கியாவின் உற்பத்தி அங்கே மறுபடி தொடங்கவேயில்லை. சில வருஷங்கள் கழித்து ஸால்காம்ப் என்னும் வேறொரு கம்பெனி அந்த ஆலையை எடுத்துக்கொண்டது. தொங்கவைத்ததும் நாளடைவில் கைவிட்டதாக முடியலாம். ஆகவே இந்த வினையைக் கேட்டவுடன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'எதுவரை?'

பையனின் கடிதத்தில் அதற்கு விடை இருந்தது: விசாரணை முடியும் வரை. வராமைக்கு வருத்தம் தெரிவித்து, மறுதேதி கேட்டு நாமே அவனுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். தேதி கிடைத்தது; போனான்; தன் பக்கத்தைச் சொன்னான். இரண்டு மாதம் கழித்து, எச்சரிக்கையோடு வேலைக்குத் திரும்பினான்.

இப்பொழுது பலகையில் 'நிறுத்திவை' என்று எழுதுகிறோம். எழுதிவிட்டு, "எதுவரை என்று கேளுங்கள்" என்கிறோம். ஆனாலும் இருபது வருஷத்து மாணாக்கர்கள் பழைய பொருளோடு ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் இதைப் படித்தால், வாத்தியார் தம் பிழையைத் திருத்திக்கொண்டார் என்று மற்றவர்களுக்கும் சொல்வார்களாக.