எந்தச் சாலைக்கு எந்த டயர்?

மோட்டார்ப் பந்தயம் பற்றி இந்தப் பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில்லை. நாற்பது ஆண்டுப் பத்திரிகை வாழ்க்கையில் தேர்தலும் வெள்ளமும் அகதி முகாமுமே என் பேனாவுக்கு அதிகம் வாய்த்தன. ஆயினும், அண்மையில் என் தங்கையின் மகன் கேட்ட ஒரு கேள்வி என்னைப் பல நாட்கள் வாசிக்க வைத்தது. "மாமா, காருக்கு நாலு டயரும் மாற்ற வேண்டும். றேஸுக்கும் உதவ வேண்டும், வீட்டுக்கும் உதவ வேண்டும். எதை வாங்கலாம்?" என்பதே அந்தக் கேள்வி.

அவன் வசிப்பது பள்ளிவாசல்துறையில். பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் சென்றால், ஒருபுறம் புத்தளம் களப்பும் மறுபுறம் இந்து சமுத்திரமுமாக நீளும் மணற்பாங்கான நிலத்தில் அந்த ஊர் இருக்கிறது. அவனிடமிருப்பது ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த டொயோட்டா 86 ரகக் கார். ஆண்டில் இரண்டு மூன்று தடவை களுத்துறைக்கு அப்பாலுள்ள கட்டுகுருந்த ஓடுபாதைக்கு அதைக் கொண்டுசெல்வான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தளமாக இருந்த இடம் அது. மற்ற நாட்களில் அதே கார்தான் வீட்டு வாகனம். மாதந்தோறும் என் தங்கையைப் புத்தளம் வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதுதான். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு வெறும் விளையாட்டுக் கேள்வியாகப் படவில்லை.

முதலில் டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பதை வாசிக்கக் கற்றுக்கொண்டேன். பத்திரிகைக்காரனுக்கு எழுத்தைக் கண்டால் விடமுடியாதல்லவா? 215/45R17 87W என்றிருந்தது. 215 என்பது மில்லிமீற்றரில் டயரின் அகலம். அந்த அகலத்தில் 45 வீதம் பக்கச் சுவரின் உயரம். 17 என்பது அங்குலத்தில் றிம்மின் விட்டம். 87 என்றால் ஒரு டயர் 545 கிலோகிராம் வரை சுமக்கும். W என்றால் மணிக்கு 270 கிலோமீற்றர் வேகம் வரை தாங்கும். இவற்றுக்கு அப்பால் நான்கு இலக்கங்கள் சிறு வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்று பொருள். நம்மூர் வெயிலில் இறப்பர் ஓடாமல் நின்றாலும் கடினமாகிக்கொண்டே போகும். ஆழமான பள்ளங்களோடு பளபளக்கும் பழைய டயரைப் புதியதென்று நம்பி வாங்குவோர் இந்த நான்கு இலக்கங்களைப் பார்ப்பதேயில்லை.

இனி, கடைக்காரர்கள் அவனுக்குக் காட்டிய மூன்று வகைகளைச் சொல்கிறேன். முதலாவது, சாதாரணக் குடும்பக் கார்களுக்கான டயர். நீண்ட நாள் உழைக்கும், ஓசை குறைவு. வேடிக்கை என்னவென்றால், 2012இல் இந்தக் கார் வெளிவந்தபோது பல நாடுகளில் அதற்குப் பூட்டப்பட்டது மிச்செலின் பிறைமசி எச்பி என்ற இந்த வகை டயர்தான். பிரியஸ் கார்களில் சிலவற்றுக்கும் அதுவே. கார் சற்று வழுக்கட்டும், சாரதி அதை அடக்கி மகிழட்டும் என்று தயாரித்தவர்கள் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது.

இரண்டாவது, பந்தயத் திடலுக்கென்றே பிறந்து, சாலையில் ஓடவும் சட்டப்படி அனுமதி பெற்ற டயர். டோயோ ஆர்888ஆர், மிச்செலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 போன்றவை இவ்வகை. இறப்பர் மென்மையானது, பள்ளங்கள் மிகக் குறைவு. சூடேறிய பின் தார்ச்சாலையைப் பசைபோல் பற்றிக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது அந்தப் பிடிப்பு இல்லை. மழைநீர் தேங்கிய இடத்தில் நீரை வெளியேற்றப் பள்ளங்கள் போதாமல், டயர் தரையை விட்டு நீரின்மேல் மிதக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கும் பிறேக்கும் பெயருக்குத்தான் இருக்கும்.

மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில் நிற்பது. மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 போன்ற வேகச் சாலை டயர்கள். ஈரத்தில் நம்பலாம், வளைவில் உறுதியாக நிற்கும். ஆனால் திடலில் தொடர்ந்து பல சுற்று விரட்டினால் சூடு மிஞ்சி, பிடிப்புத் தளர்ந்து, ஓரங்கள் சீக்கிரம் தேயும்.

மருமகனின் மனம் இரண்டாவது வகையில் இருந்தது. "ஒரு சுற்றுக்கு இரண்டு வினாடியாவது குறையும், மாமா" என்றான். அவனுக்கு நான் 2005ஆம் ஆண்டின் கதையொன்றைச் சொன்னேன். அதை வாசகர்களுக்கும் சொல்லவேண்டும்.

அவ்வாண்டுதான் கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபோர்மியுலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். ஓட்டியது பின்வரிசை அணியான ஜோர்டானின் கார். டயர் பிரிட்ஜ்ஸ்டோன். முன்னணி அணிகளில் பெரும்பாலானவை மிச்செலினைப் பூட்டியிருந்தன. அந்தப் பருவத்தின் 19 பந்தயங்களில் 18ஐ வென்றது மிச்செலின் டயர்தான். ஆனால் ஜூன் மாதம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், சரிவாக உயர்த்திக் கட்டப்பட்ட 13ஆம் வளைவின் அழுத்தத்தை அந்த டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியின்போது ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அங்கே சுவரில் மோதியது. அவ்வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் பாதுகாப்புக்கு உத்தரவாதம் தரமுடியாது என்று மிச்செலினே கூறிவிட்டது. உடன்பாடு எட்டப்படவில்லை. 19ஆம் திகதி, அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் 14 கார்கள் ஓடாமலே ஒதுங்கின. மிஞ்சியவை பிரிட்ஜ்ஸ்டோன் பூட்டிய 6 கார்கள். மைக்கேல் ஷூமாக்கர் வென்றார். நரேன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார்.

ஆண்டு முழுவதும் வென்ற டயர், ஒரேயொரு வளைவுக்குப் பொருந்தாமற் போயிற்று. ஆகவே, நல்ல டயர் எது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தச் சாலையில், எந்த வேளையில் என்று சேர்த்துக் கேட்கவேண்டும்.

அப்படியானால் அவனுடைய 13ஆம் வளைவு எங்கே இருக்கிறது? நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். கட்டுகுருந்தவில் பந்தயம் முடிந்தபின், கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம் ஊடாக வீடு திரும்ப ஏறக்குறைய 200 கிலோமீற்றர் ஓடவேண்டும். களுத்துறை மழை வலயம். பிற்பகல் மழை அங்கே புதிதல்ல. உடலில் களைப்பு, வெளியில் இருட்டு. கற்பிட்டி வீதியில் காற்று அள்ளிவந்து கொட்டிய மணல் தார்மீது படிந்திருக்கும். இரவில் கட்டாக்காலிக் கழுதைகள் நடுவீதியில் நிற்கும் என்பது எங்கள் பகுதியார் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கழுதையின் முன்னால் பிறேக் பிடிக்கும்போது, ஆயிரத்து இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட காரைப் பிடித்து நிறுத்துவது நான்கு உள்ளங்கை அளவு இறப்பர் மட்டுமே. பின்னாசனத்தில் என் தங்கை இருக்கக்கூடும்.

2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில், கார் ஒன்று ஓடுபாதையை விட்டு விலகிப் பார்வையாளர்மீது பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். அந்தத் துயரத்துக்கு டயரைக் காரணம் காட்டவில்லை. கொடி காட்டுவோரும் அம்புலன்ஸும் காத்திருக்கும் திடலிலேயே இப்படி நேருமானால், ஒரு காவலும் இல்லாத பொதுவீதியில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும் என்பதற்காகவே நினைவூட்டுகிறேன். திடலுக்கு வருபவர் அபாயத்தை ஓரளவு அறிந்து வருகிறார். தெருவோரம் சைக்கிளில் மீன் கொண்டுசெல்பவர் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுத்தவரல்லர்.

பணம் இருந்தால் விடை சுலபம். இரண்டு தொகுதி சில்லுகள் வைத்துக்கொண்டு, திடலுக்குப் போனதும் ஒன்றைக் கழற்றி மற்றதைப் பூட்டலாம். பல நாடுகளில் பொழுதுபோக்குக்காக ஓடுவோர் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அவன் கையில் இருந்த பணமோ ஒரு தொகுதிக்குத்தான் போதும். ஒன்றுதான் என்றால், சாலைக்கும் மழைக்கும் பொருந்துவதையே வாங்கவேண்டும் என்பது என் முடிவு. திடலில் மெதுவான டயர் தருவது இரண்டு வினாடித் தாமதம். சாலையில் பொருந்தாத டயர் தருவதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது.

அவன் முகம் வாடியது உண்மை. அன்று பதில் சொல்லாமல் எழுந்து போனான். ஒரு வாரம் கழித்து மூன்றாவது வகையில் நான்கு டயர்கள் வாங்கியதாகத் தொலைபேசியில் சொன்னான். நான்கின் பிறந்த வாரத்தையும் வாசித்துக் காட்டினான்.

இந்தத் தேடலில் அறிந்த இரண்டு சிறு விடயங்கள், பந்தயக் கார் இல்லாதவர்களுக்கும் உதவும். ஓடும்போது டயர் சூடேறி உள்ளே காற்றமுக்கம் கூடும். அதனால் திடலில் காற்றைக் குறைப்பார்கள். வீடு திரும்புமுன் மறக்காமல் மீண்டும் ஏற்றவேண்டும். எந்தக் காருக்கும் காற்றை அளக்கவேண்டியது டயர் குளிர்ந்திருக்கும் காலையில்தான். அடுத்தது, பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சிறு மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் மிஞ்சியிருப்பது 1.6 மில்லிமீற்றர் மட்டுமே. அதன்பின் அந்த டயரை ஓட்டக்கூடாது.

ஹெனரத்கொடையில் 1876இல் இறப்பர் கன்றுகள் நடப்பட்ட நாடு நம்முடையது. பால் வெட்டிய கைகளை நான் கண்டு எழுதியிருக்கிறேன். அந்தப் பால் டயராகி நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். அதில் எழுதியிருப்பதை வாசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.